ஊருக்குப் போக ஒரு கடவுச்சீட்டா, இரண்டா?

கனடா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா என்று குடியுரிமை எடுத்துவிட்ட ஈழத்தமிழர் ஊருக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கையில் இருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி எடுத்துச் சுற்றுலாப் பயணியாகப் போவது. மற்றது, இலங்கைக் குடியுரிமையைத் திரும்பப் பெற்று இரண்டு கடவுச்சீட்டோடு போவது. கோடை விடுமுறைப் பேச்சு எடுத்தால் இந்த வாக்குவாதமும் கூடவே வரும். "விசாக் காசு மிச்சம்" என்பார் ஒருவர். "ரெண்டு புத்தகம் என்றால் ரெண்டு தலையிடி" என்பார் இன்னொருவர். என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன்: போய்வர மட்டும்தான் என்றால் இரண்டாவது கடவுச்சீட்டு வேண்டாம். காணி விஷயம் என்றால் கதை வேறு.

அதற்கு முன் ஒன்று. அலுமாரியில் பழைய இலங்கைப் பாஸ்போட் கிடப்பதால் யாரும் இரட்டைக் குடியுரிமைக்காரர் ஆகிவிட மாட்டார்கள். முன்கூட்டியே அனுமதி பெறாமல் இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால், இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விடும். புத்தகத்தில் திகதி முடியாமல் இருந்தாலும் அதைக் காட்டிப் பயணம் செய்வது பிழைதான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு 1987இல் வந்த திருத்தம்தான் இரட்டைக் குடியுரிமைக்கு வழி விட்டது. 2011இல் அதை நிறுத்தி வைத்தார்கள், 2015இல் மறுபடி தொடங்கினார்கள். விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் புதிய கடவுச்சீட்டு. அந்த அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈ.டி.ஏ. வழியில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இணையத்தில் விண்ணப்பம், முதலில் 30 நாள், தேவையென்றால் மொத்தம் ஆறு மாதம் வரை நீடிக்கலாம். திருவிழா, கலியாணம், அந்தியேட்டி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வேலை செய்ய முடியாது. சிகிரியா போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்கான டிக்கெற்றை டொலர் கணக்கில் வாங்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் அது சொற்ப ரூபாயோடு முடியும். ஆனால் ஒரு சிகிரியாவுக்காக யாரும் குடியுரிமை எடுப்பதில்லை.

இரண்டு கடவுச்சீட்டுக்காரருக்கு எதை எங்கே நீட்டுவது என்பதுதான் முதல் சோதனை. ரொறன்ரோவில் விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரே கவலை: இவரைக் கொழும்பில் இறங்க விடுவார்களா? கனடாக் கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால் விசா எங்கே என்று கேட்பார். அப்போது இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். கனடாவில் வெளியேறும்போது குடியகல்வு அதிகாரி என்று ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை, அதனால் அங்கே வேலை அவ்வளவுதான். கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இலங்கைக் கடவுச்சீட்டோடு உள்ளே போகலாம். திரும்பும்போது விமான நிறுவனத்துக்குக் கனடாக் கடவுச்சீட்டு, குடியகல்வு அதிகாரிக்கு இலங்கைக் கடவுச்சீட்டு. அவர் "கனடா விசா எங்கே?" என்று கேட்டால் கனடாக் கடவுச்சீட்டையும் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழையும் காட்டலாம். மறைக்க ஒன்றுமில்லை, பதுங்கிப் பதுங்கி எடுத்தால்தான் சந்தேகம் வரும்.

சென்னையில் இறங்கி, புடவை எடுத்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்திய இ-விசாவைக் கனடாக் கடவுச்சீட்டில் எடுத்திருந்தால், இந்தியாவுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அதே கடவுச்சீட்டில்தான். பலாலியில் இறங்கிய பிறகு மற்றதை எடுக்கலாம். எந்த நாட்டுக்கும் இதுதான் விதி: நுழைந்த கடவுச்சீட்டிலேயே வெளியேற வேண்டும்.

திரும்பும் பக்கமும் இப்போது இறுகிவிட்டது. 2016 நவம்பர் 10 முதல், அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தவிர, இரட்டைக் குடியுரிமையுள்ள கனடியர்கள் செல்லுபடியான கனடாக் கடவுச்சீட்டு இல்லாமல் கனடாவுக்கு விமானம் ஏற முடியாது. பிரித்தானியாவும் 2026 பெப்ரவரி 25 முதல் அதே வழிக்கு வந்துவிட்டது. அமெரிக்கா தன் குடிமக்கள் வருவதும் போவதும் அமெரிக்கக் கடவுச்சீட்டில்தான் என்று சட்டமே வைத்திருக்கிறது. ஆகவே இரண்டையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024இல் இலங்கையில் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றதை மறக்க வேண்டாம்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் நம்முடைய பெயர். இலங்கையில் செல்லத்துரை சிவகுமார் என்று அப்பா பெயர் முன்னே நிற்கும். கனடாவில் படிவம் நிரப்பியவர் சிவகுமாரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார், அல்லது செல்லத்துரையையே ஆளின் பெயராக்கியிருப்பார். பெண்களுக்குக் கலியாணத்தோடு இன்னொரு மாற்றம். டிக்கெற் ஒரு பெயரில், நீட்டும் கடவுச்சீட்டு வேறு பெயரில் என்றால் கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு இந்தச் சரித்திரம் எல்லாம் தெரியாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே பெயர்களை ஒத்துப்போக வைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பிறப்பு, விவாகப் பதிவுகளைக் கைப்பையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் அல்ல.

சரி, ஏதும் பிரச்சினை வந்தால்? பலர் யோசிக்காத இடம் இது. 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, ஒருவர் இரண்டு நாட்டுக் குடிமகன் என்றால், அதில் ஒரு நாட்டுக்கு எதிராக மற்ற நாடு அவருக்கு இராஜதந்திரப் பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்கிறது. கனடியராக மட்டும் போனவரைப் பிடித்தால் கனடா உயர்ஸ்தானிகராலயம் உரிமையோடு வந்து கேட்கலாம். இரட்டைக் குடியுரிமைக்காரர் என்றால் "இவர் எங்கள் ஆள்" என்று இலங்கை சொல்லிவிடலாம். கனடாக் கடவுச்சீட்டில் நுழைந்தேன் என்பதும் அங்கே பெரிதாக எடுபடாது, பார்ப்பது குடியுரிமையை. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நினைவு போகாத ஒரு சமூகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. விசாக் காசு மிச்சம் என்ற வாதம் எனக்கு எடுபடாமல் போவது இதனால்தான்.

காணிக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கும், பரம்பரையாக வரும் சொத்துக்கும் விலக்கு உண்டு. இரட்டைக் குடியுரிமைக்காரருக்கும் விலக்கு உண்டு. ஊரில் ஒரு துண்டு வாங்கி வீடு கட்ட, ஓய்வு பெற்று அங்கேயே இருக்க, தொழில் தொடங்க நினைப்பவருக்கு ஈ.டி.ஏ. எந்த விதத்திலும் ஈடாகாது. மேலே சொன்ன தலையிடியெல்லாம் அவருக்குப் பொறுக்கக் கூடியவை. பாராளுமன்ற ஆசை மட்டும் வேண்டாம், இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு அங்கே தடை. சுவிஸ் குடியுரிமையும் இருந்ததால் கீதா குமாரசிங்கவின் எம்.பி. பதவி 2017இல் போனது. 2020இல் தளர்த்திய அந்தத் தடையை 2022இல் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் கேள்வியே இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பழைய இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. என்ற வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை எடுக்கலாம். வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் போய்வர மட்டும் பார்த்தால் அது ஈ.டி.ஏ.யையும் இரண்டு கடவுச்சீட்டையும் வென்றுவிடும்: ஒரே குடியுரிமை, வாழ்நாள் முழுக்க வந்துபோகும் அனுமதி. 2023 செப்டம்பரில் கனடியருக்கான விசாக்களை இந்தியா நிறுத்தியபோதும் ஓ.சி.ஐ. வைத்திருந்தவர்கள் வழக்கம்போலப் போய் வந்தார்கள். இலங்கையும் அப்படி ஒன்று தந்தால் இந்த வாக்குவாதத்தில் பாதி முடிந்துவிடும்.

நோர்வே 2020 ஜனவரியிலும் ஜெர்மனி 2024 ஜூனிலும் இரட்டைக் குடியுரிமைக்குக் கதவைத் திறந்துவிட்டதால், அங்கே இருப்பவர்களும் இப்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஊரில் காணி உறுதி யார் பேரில் இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை எடுக்கலாம்.