மாடியில் சோலார் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் சோலார் போட்டோம். மொத்தமாகப் போட்டால் விலையைக் குறைப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆசையில் யாரும் எதையும் குடைந்து கேட்கவில்லை. அவர்களும் மாடி ஏறிப் பார்க்கவில்லை. போனில் அனுப்பிய படத்தை வைத்தே எத்தனை பேனல் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

முதல் மழையிலேயே வேலையின் லட்சணம் தெரிந்தது. பேனல் சட்டத்தின் கால்களுக்காகத் தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கியிருந்தார்கள். துளையைச் சுற்றி விரலால் இழுத்த சிலிக்கான் பசை, அவ்வளவுதான். நகத்தால் நெம்பினேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கீழே படுக்கையறையில் நாலு இடத்தில் ஈரத்திட்டு. நாலும் மேலே உள்ள கால்களுக்கு நேர் கீழே. கேட்டால், "உங்க வீடு பழசு சார், எங்க வேலையில குறை இல்ல" என்கிறார்கள்.

அப்புறம் நிழல். பேனல்களைத் தொடராக இணைப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் அடிவாங்கும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்துக்கு வேறு வழி விடும் பைபாஸ் டயோடு பேனலுக்குள் இருந்தாலும் இழப்பு இருக்கத்தான் செய்யும். எங்கள் தண்ணீர் டேங்கின் நிழல் மூன்று மணிக்கு ஓரத்தைத் தொடுகிறது, நாலு மணிக்குள் இரண்டு பேனலை மூடிவிடுகிறது. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் உற்பத்தி எண் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு சாயங்காலம் வந்து நின்றிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. "கரன்ட் போனாலும் உங்க வீட்ல லைட் எரியும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். பச்சைப் பொய். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதை முன்பே சொல்ல வேண்டாமா? எதிர்வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் பெரியவருக்காகவே சோலார் போட்டார்கள். முதல் மின்தடையில்தான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது. நல்லவேளை, வீட்டில் சிலிண்டர் இருந்தது.

25 வருட வாரண்டி என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். பேனல் இத்தனை சதவீதம் உற்பத்தி தரும் என்பதற்குத்தான் அது. இன்வெர்ட்டருக்கு வேறு கணக்கு, பெரும்பாலும் அதைவிடக் குறைவான காலம். ஒழுகாமல் பொருத்தித் தருவதற்கு யார் பொறுப்பு, எத்தனை வருடம் என்று தனியாக எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் பேனல் ஒயர்களை இணைக்கும் கனெக்டர்களை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்; ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு பாதியும் வேறு வேறு தயாரிப்பாக இருந்தால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். நீங்களே கை வைக்காதீர்கள், மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும்.

நாங்கள் நாலு பேர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருந்த ஒரு வீட்டுக்கு மட்டும்தான் ஆள் வந்து துளைகளைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள்.