காதுல மாட்டுற 'வேகஸ் நர்வ்' கிளிப் மெஷின்: ஆறு வாரம் போட்டுப் பாத்தாச்சு

அஞ்சுக்கு ரெண்டரை குடுப்பேன். அந்த அரை கூட பேட்டரிக்காகத்தான்.

எனக்கு பதட்டம் நாலஞ்சு வருஷமா இருக்கு, சாயங்காலம் ஆனா காரணமே இல்லாம நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆபீஸ் நம்பர்ல இருந்து போன் வந்தாலே வயித்தைப் பிசையும். மாத்திரை போய்ட்டுதான் இருக்கு. ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தப்போ, காதுல கிளிப் மாட்டி லேசா கரண்ட் விட்டு வேகஸ் நரம்பை (மூளையில இருந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் போற நரம்பு) தூண்டினா பதட்டம் அடங்கும்னு இந்த விளம்பரம் வந்துச்சு, ஆர்டர் போட்டுட்டேன். பேர் போடல, ஒரே பெட்டியை பல பேர்ல விக்கிறாங்க போல.

பிரிச்சுப் பாத்தா உள்ள இருக்குறது குட்டி டென்ஸ் மெஷின். பிசியோதெரபில முதுகுல பேட் ஒட்டி கரண்ட் குடுப்பாங்களே, அதே ஜாதிதான், ஒயர் நுனில பேடுக்கு பதிலா கிளிப் இருக்கு. விளம்பரத்துல மட்டும் அமெரிக்காவுல எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பு) அனுமதிச்ச டெக்னாலஜின்னு அடிச்சு விட்டிருக்கான். அங்க 1997ல வலிப்புக்கும் 2005ல மருந்துக்கு அடங்காத டிப்ரஷனுக்கும் அனுமதி வாங்குனது நெஞ்சுத் தோலுக்கு அடியில பேட்டரி வெச்சு கழுத்து நரம்புல ஒயர் சுத்துற ஆபரேஷன் ஐட்டம், அதுக்கும் இந்த பிளாஸ்டிக் கிளிப்புக்கும் என்னங்க சம்பந்தம்?

நரம்பு விஷயம் பொய் இல்ல. பட்ஸ் விட்டு காது குடையும்போது சில பேருக்கு திடீர்னு இருமல் வரும்ல, அது வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுக்குள்ள வர்றதாலதான். அந்தக் கிளை நல்லா ஓடுற இடம் காது ஓட்டைக்கு மேல இருக்குற குழி. ஆனா இவங்க குடுத்த பேப்பர்ல படம் போட்டு கிளிப்பை எங்க மாட்டச் சொல்றாங்க தெரியுமா, கம்மல் போடுற இடத்துல! நானும் நம்பி பத்து நாள் அங்கயே மாட்டிட்டு உக்காந்தேன், லேசா சுள்சுள்னு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், நிஜமாவே மனசு கொஞ்சம் அடங்கின மாதிரியும் இருந்துச்சு. அப்புறம் தேடிப் படிச்சா, ஆராய்ச்சில நிஜ சிகிச்சையோட ஒப்பிட்டுப் பாக்க சும்மா டம்மிக்கு கரண்ட் குடுக்கணும்னா பெரும்பாலும் இந்த கம்மல் இடத்துலதான் குடுக்குறாங்களாம். சிரிப்புதான் வந்துச்சு. (கம்மல் இடத்துல மாட்டி ஆங்சைட்டிக்குன்னு அமெரிக்காவுல அனுமதி வாங்கின மெஷின் இருக்கு, சிஇஎஸ்னு பேர், ஆனா அது ரெண்டு காதுலயும் மாட்டி தலை வழியா ரொம்பக் கம்மி கரண்ட் விடுறது, டாக்டர் சீட்டும் வேணும். இது அது இல்ல.)

அப்புறம் இடது காது மேல் குழிக்கு மாத்தினேன். கிளிப் அங்க நிக்கவே மாட்டேங்குது, ஸ்பாஞ்சை தண்ணில நனைச்சு விரலால அழுத்திப் பிடிச்சுக்கணும், காய்ஞ்சுட்டா சுரீர்னு குத்தும். அம்மா பாத்துட்டு "இதுக்கு காதைப் பிடிச்சு நாலு தோப்புக்கரணம் போட்டுட்டுப் போயேன்டா, கரண்ட் பில்லாவது மிச்சம்"னாங்க.

பலன்? படுக்குறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் போட்டா தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வருது. பகல்ல வர்ற படபடப்பு அப்படியேதான் இருக்கு. அந்த இருபது நிமிஷம் போனைத் தொடாம கண்ணை மூடி உக்கார்றேன், அதனால தூக்கம் வருதா கரண்டாலயான்னு கேட்டா சத்தியமா பதில் இல்ல, டம்மி இடத்துல மாட்டுனப்பவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதானே இருந்துச்சு.

இதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க, என் சைக்யாட்ரிஸ்ட் கிட்ட காட்டுனப்போ "போட்டுக்கோங்க, மாத்திரையில கை வைக்காதீங்க"ன்னுதான் சொன்னார். பேஸ்மேக்கர் இருக்குறவங்க, மாசமா இருக்குறவங்க டாக்டரைக் கேக்காம கிட்டயே போகாதீங்க, அந்தப் பேப்பர்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு அதுதான் ரொம்பக் கோவம்.

ரிட்டர்ன் கேட்டேன், சீல் பிரிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்க. சார்ஜ் மட்டும் ஒரு தடவை போட்டா ஒரு வாரம் நிக்குது.