கோவா டூருக்கு செல்ஃப் டிரைவ் கார் புக் பண்ணுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவா போனோம். கிளம்பும் முன்பே காருக்கு 19,600 ரூபாய் கட்டியாயிற்று. கார் கிடைக்கவில்லை. இன்றோடு பதினான்கு நாள், பணமும் வரவில்லை. பொங்கல் லீவுக்கு உங்களில் யாராவது இந்நேரம் இதே மாதிரி புக் பண்ணிக்கொண்டிருப்பீர்கள், அதனால்தான் வயிற்றெரிச்சலோடு இன்றே எழுதுகிறேன்.

எந்த ஆப் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஊரூருக்கு உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து செல்ஃப் டிரைவ் கார் கொடுக்கிற ஆப் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோவாவில் ஓலா, ஊபர் கிடையாது. கோவாமைல்ஸ் என்ற ஆப்பும் உள்ளூர் டாக்சிகளும்தான். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, சின்னவனுக்கு மூன்று வயது. ஒவ்வொரு இடத்துக்கும் டாக்சி தேடி அலைய முடியாது என்றுதான் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை நான்கு நாளைக்கு எடுத்தோம். வாடகை 14,600, திருப்பித் தருவதாகச் சொன்ன டெபாசிட் 5,000.

பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. வீடு மாறியதால் என் கணவர் லைசென்ஸில் முகவரி மாற்றியிருந்தார், புது அட்டை தபாலில் இன்னும் வந்து சேரவில்லை. ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ள அரசு தரும் டிஜிலாக்கர் ஆப்பில் லைசென்ஸ் இருந்தது. வாகனச் சோதனையில் போலீஸ் கேட்டாலே டிஜிலாக்கரில் காட்டலாம், 2018-லேயே மத்திய அரசு அதை அசலுக்குச் சமம் என்று சொல்லிவிட்டது. இருந்தாலும் இவர்கள் தனியார் ஆயிற்றே என்று ஆப்பில் சாட் பண்ணிக் கேட்டேன். “யெஸ் மேம், டிஜிலாக்கர் லைசென்ஸ் போதும், நோ இஷ்யூ” என்று இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பணத்தைக் கட்டினேன். அதுவும் கிரெடிட் கார்டை விட்டுவிட்டு யுபிஐயில். யுபிஐயில் கட்டினால் 300 ரூபாய் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள்.

டிசம்பர் 26, மதியம் இரண்டு மணிக்கு டாபோலிம் ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறோம். போன் பண்ணிப் பண்ணி, நாற்பது நிமிடம் கழித்து ஒரு பையன் பைக்கில் வந்தான். கார் எங்கே தம்பி என்றால், முதலில் லைசென்ஸைக் காட்டுங்கள் என்றான். டிஜிலாக்கரைக் காட்டினோம். போனைக் கையில்கூட வாங்கவில்லை. ஒரிஜினல் அட்டை இல்லாமல் கொடுக்க முடியாது, ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றான். சாட்டைத் திறந்து காட்டினேன். அது ஆப்காரர்கள் சொன்னது, எங்களுக்குத் தெரியாது என்றான். அம்மா பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார், பெரியவள் பசிக்கிறது என்கிறாள், சின்னவன் அழுகிறான். நான் கெஞ்சினேன் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் கெஞ்சத்தான் செய்தேன்.

அப்புறம் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. அதே பையன், பத்து நிமிடம் கழித்து, என் நண்பனிடம் ஒரு கார் இருக்கிறது, ஒரு நாளைக்கு 6,000, கையில் ரொக்கமாகக் கொடுத்தால் உடனே வரும் என்றான். லைசென்ஸ்? அதற்கு டிஜிலாக்கரே போதுமாம்! கொஞ்ச நேரத்துக்கு முன் ஆகாத லைசென்ஸ் இப்போது எப்படி ஆகும்? கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே கோவாவில் காருக்கு எவ்வளவு கிராக்கி என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் புக் பண்ணிய காரை அதிக வாடகைக்கு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், எங்களைக் கழற்றிவிட லைசென்ஸ் ஒரு சாக்கு. நான் நூறு சதவீதம் இப்படித்தான் நம்புகிறேன்.

அந்த ‘நண்பன்’ காரின் போட்டோவைக் காட்டினான். வெள்ளை நம்பர் பிளேட். செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்கானது, அதை வாடகைக்கு விடவே கூடாது. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். என் கணவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்சி பிடித்து, தங்கும் இடமான காண்டோலிம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. நான்கு நாளும் டாக்சிக்குக் கொடுத்தது தனி. அது போகட்டும், என் 19,600-க்கு வருகிறேன்.

அன்று இரவே ஆப்பில் புகார் கொடுத்தேன். முதல் பதில்: “கஸ்டமர் பிக்அப் இடத்துக்கு வரவில்லை, அதனால் ரீஃபண்ட் கிடையாது.” வரவில்லையா? பார்க்கிங்கில் அம்மாவோடு என் மகள் எடுத்த போட்டோ நேரத்தோடு இருக்கிறது, அந்தப் பையனுக்கு நான் பண்ணிய ஒன்பது கால்களும் போனில் இருக்கின்றன. எல்லாவற்றையும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அடுத்த பதில்: “சரியான ஆவணம் இல்லாததால் கார் மறுக்கப்பட்டது.” வராதவரிடம் ஆவணத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் புகாரையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன். ஏழு முதல் பத்து வேலை நாள் என்றார்கள். போன் பண்ணினால் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இது பார்ட்னர் எடுத்த முடிவு, நாங்கள் நடுவில் இருப்பவர்கள் மட்டுமே என்றார் ஒருவர். பணத்தை வாங்கியது யார்? என் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த ஆப்பின் பெயர்தானே இருக்கிறது! பதினோராவது நாள் ஆப் வாலட்டில் 4,000 ‘பாயின்ட்’ போட்டு, கேஸ் முடிந்தது என்று மெசேஜ் வந்தது. தொண்ணூறு நாளுக்குள் அவர்களிடமே இன்னொரு கார் எடுத்தால்தான் அது கழியுமாம். டெபாசிட் 5,000 என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு இதுவரை பதிலே இல்லை. காரையே தொடாதவர்களிடம் எதற்கு டெபாசிட்டைப் பிடித்து வைக்கிறார்கள்?

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்பே கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சேவை கிடைக்கவில்லை என்று பேங்க்கில் டிஸ்ப்யூட் போட வழி இருக்கும். 300 ரூபாய்க்காக நான் அதை விட்டேன். சாட்டை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார் இல்லை என்று சொன்னால் காரணத்தை அங்கேயே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாமல் இடத்தை விட்டு நகராதீர்கள். நான் இதைச் செய்யவில்லை, அதனால்தான் அவர்கள் இஷ்டத்துக்குக் காரணத்தை மாற்றுகிறார்கள். வாலட் பாயின்ட்டுக்கு ஓகே என்று எதையும் அழுத்திவிடாதீர்கள்.

ஆப்பின் அடியில் குறைதீர்க்கும் அதிகாரியின் மெயில் இருக்கும், அதற்கும் எழுதுங்கள். 2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் எண் 1915, தமிழிலேயே பேசலாம். நேற்று நான் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கோவாவுக்கு அலைய வேண்டியதில்லை.

இன்று சாயங்காலம் ஆப்பிலிருந்து ஒரு பெண் பேசினார். பாயின்ட்டை 6,000 ஆக்கித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் மேம் என்றார். முடியாது, 19,600 ரூபாயும் என் பேங்க் கணக்குக்கு வர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.