டீக்கடை பெஞ்சா, எக்சிட் போலா, வீட்டு வாசலா?

தேர்தலில் மக்கள் மனம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள எதை நம்புவது? எங்கள் பெரம்பூர் தெருமுனை டீக்கடையில் காலை ஆறரைக்கே அரசியல் ஆரம்பித்துவிடும். பேப்பர் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்சிக்கு இந்தமுறை ஏன் ஓட்டு விழாது என்று கரண்ட் பில், ரேஷன் கடை, மழைத்தண்ணீர் வடியாத சந்து எனக் காரணத்தோடு சொல்வார்கள். எந்தக் கணிப்பிலும் இவ்வளவு விவரமாக இது கிடைக்காது. ஆனால் அந்த பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெண்கள்தான் அதிகம்.

ஓட்டு போட்டுவிட்டு வருகிறவர்களிடம் கேட்டு எடுக்கும் எக்சிட் போல் எண்களில் பேசுகிறது, சரி. 2024 ஜூன் 1 அன்று பல நிறுவனங்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணி 350 இடங்களைத் தாண்டும் என்றன. மூன்றே நாளில் வந்தது 293. தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தலில் ஒரு கணிப்பு திமுக என்றது, இன்னொன்று அதிமுக என்றது. ஜெயித்த அதிமுகவுக்கும் எதிரணிக்கும் வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். அவ்வளவு நெருக்கத்தில் இடங்களை எண்ணிச் சொல்வது பெரும் துணிச்சல்.

என் ஓட்டு வீடு வீடாக எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு. அதிலும் குறை உண்டு. கல்லூரி நாளில் புளியந்தோப்பு குடியிருப்பு ஒன்றில் படிவத்தோடு மாடி ஏறினேன். ஒரு அக்கா ஆர்வமாகத்தான் பதில் சொல்லத் தொடங்கினார். பின்னால் கணவர் வந்து நின்றதும், "அவரையே கேட்டுக்கோங்க தம்பி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். படிவத்தில் நான் நிரப்பியது கணவரின் பதில். அது இன்றும் உறுத்துகிறது. மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லும் வழக்கம் டெல்லி ஆய்வு நிறுவனமான லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் நடத்தும் ஆய்வுகளில் உண்டு. அந்தப் பெட்டி அன்று என் கையில் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் 18 அன்று பெரம்பூரில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் சேர்த்து இரண்டு ஓட்டு போட்டோம். இங்கே இரண்டும் திமுகவுக்கே போயின. மாநிலம் முழுக்க அப்படியில்லை. மக்களவையில் தேனியில் மட்டும் ஜெயித்த அதிமுக, 22 இடைத்தேர்தல்களில் 9ஐப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு. "உங்களுக்குப் பிடித்த தலைவர் யார்?" என்று ஒற்றைக் கேள்வியோடு வருகிறவரிடம் அந்த இரண்டாவது கணக்கை யாரும் சொல்லப்போவதில்லை.