காலியம் ஒன்று, புத்தகம் நான்கு: தனிம அட்டவணையை எதில் படிப்பது?

பிளஸ் ஒன் வேதியியல் முதல் தொகுதியின் 3ஆம் அலகில் தனிம அட்டவணை வருகிறது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அந்தப் பாடத்தை முடித்துவிட்டு, "வெளியே இன்னும் என்ன படிக்கலாம்?" என்று ஒரு மாணவர் கேட்டால் பெரும்பாலும் நான்கு ஆங்கிலப் புத்தகங்களின் பெயர்தான் காதில் விழும். நான்கும் ஒரே அட்டவணையைப் பற்றியவை என்றாலும் செய்கிற வேலை வேறு வேறு. ஆள் பார்க்காமல் வாங்கினால் பணத்தோடு ஆர்வமும் போய்விடும். வித்தியாசத்தை அறிய ஒரே தனிமத்தை நான்கிலும் தேடிப் பார்ப்பது நல்ல வழி. இங்கே காலியத்தை எடுத்துக்கொள்வோம். அணு எண் 31, உருகுநிலை 29.76 டிகிரி செல்சியஸ்.

சாம் கீனின் 'தி டிஸப்பியரிங் ஸ்பூன்' (2010) தலைப்பிலேயே காலியத்தை வைத்திருக்கிறது. காலியத்தில் செய்த கரண்டி சூடான தேநீரில் உருகிக் காணாமல் போகும் வேடிக்கைதான் அந்தத் தலைப்பு. நம் ஊரில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அறையின் வெப்பமே 30 டிகிரியைத் தாண்டிவிடுவதால், தேநீர் வருவதற்கு முன்பே கரண்டி மேசையில் குளமாகிவிடும். மார்கழிக் காலைதான் தோது. உருகிய காலியம் உருகுநிலைக்குக் கீழே குளிர்ந்தும் சட்டென்று உறையாது; திடக் காலியத்தின் ஒரு துணுக்கைப் போட்டால்தான் உறையத் தொடங்கும். உறையும்போது சுமார் 3 சதவீதம் விரியும், கண்ணாடிப் புட்டியில் நிறைத்து வைத்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் இடம்விட்டு வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது; உலோகத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்க வைத்துவிடும்.

கீனின் பலம் கதை, பலவீனம் தாவல். தனிமங்கள் அணு எண் வரிசையில் வராமல் போர், பணம், விஷம் என்று தலைப்புவாரியாகச் சிதறி வரும். அதனால் அட்டவணையை ஒரு தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் வரும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு குறி போடுங்கள். இல்லையென்றால் சம்பவம் நினைவிருக்கும், அந்தத் தனிமம் ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது மறந்துபோகும். முதல் உலகப் போரின் பீரங்கி எஃகுக்காக மாலிப்டினத்துக்கு எழுந்த போட்டி இதில் உண்டு. 2,623 டிகிரியில் உருகும் இந்த உலோகத்தை எஃகில் சேர்த்தால் சூட்டிலும் அதன் வலு குறையாது. அரூர் வட்டாரப் பாறையில் மாலிப்டினத் தாது இருப்பது தெரிந்தவர்களுக்கு அந்த அத்தியாயம் அடுத்த ஊர்ச் செய்தி போலிருக்கும்.

எரிக் ஷெர்ரியின் சிறு நூலில் (ஆக்ஸ்ஃபோர்டின் 'வெரி ஷார்ட் இன்ட்ரொடக்‌ஷன்' வரிசை, 2011, இரண்டாம் பதிப்பு 2019) இதே காலியம் வேறு உருவில் வரும். 1871இல் தனிம அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அலுமினியத்துக்குக் கீழே ஒரு காலி இடம் விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் அணு எடை 68 அளவிலும் அடர்த்தி (கன சென்டிமீட்டருக்குக் கிராமில்) 5.9 அளவிலும் இருக்கும் என்று கணித்தார். 1875இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அளந்தபோது கிடைத்த அடர்த்தி 4.7. மாதிரி சுத்தமாக இல்லை, மறுபடி அளக்க வேண்டும் என்றார் மெண்டலீவ். அளந்தார்கள், 5.9 வந்தது. பெரும்பாலான நூல்கள் இங்கே கைதட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஷெர்ரி அங்கேதான் நின்று கேள்வி கேட்கிறார்: அட்டவணையை உலகம் ஏற்றது கணிப்புகளாலா, அல்லது ஏற்கெனவே தெரிந்த அறுபது சொச்சம் தனிமங்களை அது ஒழுங்காக அடுக்கிக் காட்டியதாலா? அணு எடை வரிசைப்படி அடுக்கிய அட்டவணையில் 127.6 உள்ள டெலூரியம் ஏன் 126.9 உள்ள அயோடினுக்கு முன்னால் வருகிறது, 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி எடைக்குப் பதில் அணு எண்ணைக் கொண்டுவந்து அந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் 3ஆம் அலகு மனப்பாடமாக இருக்காது, புரிந்துவிடும். நான்கில் ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற பிளஸ் ஒன் மாணவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். நடை வறட்சிதான். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

தியோடர் கிரேயின் 'தி எலிமெண்ட்ஸ்' (2009) படப் புத்தகம். கறுப்புப் பின்னணியில் தனிமத்தின் பெரிய படம், பக்கத்தில் அதன் பயன்பாட்டுப் பொருள்கள். வீட்டில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதையே வாங்குங்கள், அச்சுப் பிரதியாகவே வாங்குங்கள். கறுப்பு வெள்ளை மின்நூல் கருவியில் தங்கமும் வெள்ளியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

இந்தப் பகுதிப் பிள்ளைகள் முதலில் புரட்டுவது ஃபுளோரின் பக்கத்தைத்தான். அங்கே ஒரு குழப்பம் வரும். நூல்கள் பேசுகிற ஃபுளோரின், 1886இல் பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் பிரித்தெடுத்த, எதையும் அரிக்கும் வெளிர்மஞ்சள் வாயு. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருப்பது பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு அயனி. தனிமம் ஒன்று, நிலை வேறு. குடிநீரில் அதற்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்பு. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லிலும் எலும்பிலும் உள்ள ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருந்த இடத்தை ஃபுளோரைடு பிடித்துக்கொள்ளும். இந்த ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதை இந்த நான்கு நூல்களில் தேட வேண்டாம். அதைப் பெரியவர்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

பிரீமோ லெவியின் 'தி பீரியாடிக் டேபிள்' (இத்தாலிய மூலம் 1975) தலைப்பைப் பார்த்து மாணவருக்குப் பரிசளிக்கப்படும் புத்தகம். அது பொருத்தமில்லை. 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர், காலியம் கிடையவே கிடையாது. நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு வேதியியலாளரின் வாழ்க்கை இது. ஆனால் ஓசூர் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் 'குரோமியம்' அத்தியாயத்தை மட்டுமாவது படிக்க வேண்டும். பெயிண்ட் டப்பாவிலேயே கட்டியாகிக் கெட்டுப்போகிறது. காரணத்தைத் துருவினால், சோதனை முறையில் ஒரு கரைசலை '2 அல்லது 3 சொட்டு' விட வேண்டும் என்றிருந்தது படியெடுக்கும்போது '23 சொட்டு' ஆகியிருக்கிறது. அதனால் கெட்ட மூலப்பொருளும் தேறிக்கொண்டே வந்திருக்கிறது. கெட்ட சரக்கைச் சரிசெய்ய லெவி அம்மோனியம் குளோரைடு சேர்க்கச் சொல்கிறார். அந்தச் சரக்கு தீர்ந்து பல ஆண்டுகளான பின்னும், எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாமலே, அதைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதை வாங்கினாலும், கடையிலோ பழைய புத்தகக் குவியலிலோ, அட்டவணைப் படத்தில் ஏழாம் வரிசையின் கடைசியைப் பாருங்கள். 113, 115, 117, 118 ஆகியவற்றுக்கு நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெஸ்ஸான் என்ற பெயர்கள் 2016இல்தான் உறுதியாயின. அங்கே 113க்கு 'உனுன்ட்ரியம்' என்ற பழைய தற்காலிகப் பெயர் இருந்தால் அது அதற்கு முந்தைய பதிப்பு. கீனுக்கு அது குறையில்லை, கதை பழசாகாது. கிரேயும் ஷெர்ரியும் என்றால் புதிய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.