மில்டி ஜீரோஸ்டாட் 3: ரெக்கார்டுக்கு நல்லது, விரலில் அடிக்கும் ஷாக்குக்கு அல்ல

மில்டி ஜீரோஸ்டாட் 3 என்பது வினைல் ரெக்கார்டில் ஏறும் ஸ்டேட்டிக்கை, அதாவது தேங்கி நிற்கும் மின்னூட்டத்தை, நீக்கும் கைக்கருவி. பார்ப்பதற்கு விளையாட்டுத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் பீசோ படிகம் நெருக்கப்பட்டுப் பல ஆயிரம் வோல்ட் உண்டாகிறது. முனையில் இருக்கும் ஊசி அந்த வோல்ட்டேஜில் சுற்றியுள்ள காற்றை அயனியாக்குகிறது. விசையை அழுத்தும்போது நேர் அயனி, விடும்போது எதிர் அயனி. 1970-களில் இங்கிலாந்தில் வந்த கருவியின் இன்றைய வடிவம் இது. அடிப்படை அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் விலை 100 டாலரை ஒட்டி வரும்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ரெக்கார்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்டிக்கை எடுத்துவிடுகிறது. ஆனால் "ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) தொட்டால் சுளீரென்று அடிக்கிறது, இது வாங்கினால் நிற்குமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: நிற்காது. அந்த மின்னூட்டம் ரெக்கார்டில் இல்லை, உங்கள் உடம்பில் இருக்கிறது. நைலான் கார்பெட்டில் ரப்பர் செருப்போடு நடந்தால் வறண்ட காற்றில் உடம்பு 10,000 வோல்ட் வரை ஏறும். மனித உடம்பின் கொள்ளளவு சுமார் 100 பிகோஃபேரட்தான் என்பதால் ஆற்றல் மிகக் குறைவு, ஆளுக்கு ஆபத்தில்லை. ஆம்புக்குள் இருக்கும் சிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் பெட்டி) சட்டென்று தொடர்பு அறுந்து போவது, ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் பெட்டி) உறைந்து நிற்பது, எச்டிஎம்ஐ போர்ட் செத்துப் போவது எல்லாம் இந்த வழியில் வரலாம்.

அதற்குத் தீர்வு ஏறக்குறைய இலவசம். வால்யூம் குமிழையோ, கேபிள் முனையையோ முதலில் தொடாதீர்கள். கையில் ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு, எர்த் இணைந்த மூன்று பின் ஆம்பின் பின்பக்கத்து ஸ்க்ரூவைத் தொடுங்கள். பொறி சாவியின் முனையில் பாயும், விரலில் வலிக்காது. இரண்டு பின் கருவிகளுக்கு எர்த் வழி கிடையாது. அங்கே அடிக்கும் பொறி பெட்டிகளை இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளிப்புற உலோக உறை) வழியாக அடுத்த பெட்டிக்குள் போய் இறங்கும். ஆகவே அவற்றைத் தொடும் முன்னால் வேறு எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுவிடுங்கள். ரேக்குக்கு முன்னால் ஒரு ஆன்டி-ஸ்டேட்டிக் மேட் போட்டு, 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் இணைத்துவிட்டால் தொந்தரவு அநேகமாக முடிந்தது. அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டு நேரடியாக எர்த் கொடுக்கக் கூடாது. வேறெங்காவது மின்கசிவு இருந்தால் உங்கள் உடம்பு அதற்கு நேர்வழியாகிவிடும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு 'டக்', அப்புறம் எத்தனை தடவை தொட்டாலும் ஒன்றுமில்லை என்றால் அது ஸ்டேட்டிக். புறங்கையால் லேசாக வருடும்போது தொடர்ந்து ஜிவ்வென்று உறுத்தினால் அது ஸ்டேட்டிக் அல்ல. இரண்டு பின் பவர் சப்ளையின் கசிவு, அல்லது ப்ளக் பாயின்டில் எர்த் வேலை செய்யவில்லை. சென்னையின் ஈரக்காற்றில் பெரும்பாலும் இந்த ஜிவ்வென்ற வகைதான். அதற்கு அழைக்க வேண்டியது எலக்ட்ரீஷியனை. துப்பாக்கி வாங்கி ஆம்பைப் பார்த்துச் சுடுவதில் ஒரு பயனும் இல்லை.

சரி, ரெக்கார்டுக்கு வருவோம். வினைல் என்பது பிவிசி. உரசினால் எதிர் மின்னூட்டத்தை வாரிக்கொள்ளும் பொருட்களில் அது முன்வரிசை. காகித ஸ்லீவிலிருந்து உருவும்போது ஒரு தடவை, டர்ன்டேபிளில் விரித்த ஃபெல்ட் மேட்டிலிருந்து தூக்கும்போது இன்னொரு தடவை ஏறும். பிவிசி மின்கடத்தாப் பொருள் என்பதால் கையால் தொட்டாலும் இறங்காது. ஏறிய இடத்திலேயே இருக்கும். பிறகு ஸ்டைலஸ் (முள்) வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்கிறது. முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் வெளியீடே 5 மில்லிவோல்ட் அளவுதான், போனோ ஸ்டேஜ் அதை 100 மடங்கு பெருக்குகிறது. நுண்ணிய பொறிகூட ஸ்பீக்கரில் பட்டாசாகக் கேட்பது அதனால்தான்.

கேட்கும் சத்தம் ஸ்டேட்டிக்கா, கீறலா? கீறல் என்றால் 33⅓ வேகத்தில் சரியாக 1.8 வினாடிக்கு ஒரு முறை அடிக்கும். அழுக்கு என்றால் அதே பாட்டில் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் வரும். ஸ்டேட்டிக்குக்கு ஒழுங்கே கிடையாது. இரண்டாம் முறை போட்டால் வேறு இடத்தில் வெடிக்கும். முள் இறங்கும்போதும், ரெக்கார்டை மேட்டிலிருந்து தூக்கும்போதும் 'பட்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ரெக்கார்டுத் தட்டை முன்கைக்கு அருகில் கொண்டுபோங்கள், ரோமம் எழுந்து நிற்கும். டிஷ்யூ காகிதத்தைச் சிறிதாகக் கிழித்து மேசையில் போட்டு மேலே காட்டினால் துணுக்குகள் தாவி ஒட்டும். துப்பாக்கியின் பலனை அளக்கவும் இதே சோதனை போதும்.

இனி பயன்படுத்தும் முறை. இந்தப் பொருளைப் பற்றி வரும் குறைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. டர்ன்டேபிளின் மேல் கிடக்கும் தட்டைப் பார்த்துச் சுடுவது முதல் பிழை. ரெக்கார்டைச் சுழற்றும் உலோக ப்ளாட்டரை ஒட்டித் தட்டு கிடக்கும்போது அதன் மின்புலம் ப்ளாட்டரை நோக்கி அடங்கிவிடும். மேலே வரும் அயனிகளை இழுக்க வலு இருக்காது. கீழ்ப்பக்கத்துக்கோ அயனி போகவே வழியில்லை. சுட்டு முடித்துத் தட்டைத் தூக்கினால் மறுபடி வோல்ட்டேஜ் எகிறும், "வேலை செய்யலையே" என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். தட்டை விளிம்பில் பிடித்து எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். முனையை சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து விசையை மெதுவாக, இரண்டு வினாடி எடுத்து அழுத்துங்கள். அதே நிதானத்தில் விடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடம் போதும். வினைலில் இருப்பது எதிர் மின்னூட்டம் என்பதால் கடைசி முறை அழுத்திய பிறகு முனையை வேறு பக்கம் திருப்பிவிட்டு விசையை விடுங்கள். இல்லாவிட்டால் தீர்த்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும்.

'க்ளிக்' என்று சத்தம் கேட்டால் வேகம் அதிகம். அப்போது மின்னழுத்தம் உள்ளேயே பொறியாகப் போய்விடும், காற்றில் அயனி சேராது. அடுப்படி கேஸ் லைட்டரும் பீசோதானே, அதை வைத்தே ஒப்பேற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். லைட்டரில் ஒரு சிறு சுத்தி படிகத்தை ஓங்கி அடித்து ஒரே பொறியாக விடுகிறது. இங்கே தேவை அதற்கு நேர் எதிரானது. முனையில் மாட்டும் சிறு நியான் விளக்கு மூடி ஒன்று கூடவே வருகிறது. இருட்டில் அதை மாட்டி நிதானமாக அழுத்தினால் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். வேகம் பழகுவதற்கும் அதுவே ஆசான். சுடும் முன் மூடியைக் கழற்ற மறக்க வேண்டாம்.

கார்ட்ரிட்ஜுக்கு அருகிலும், ஓடிக்கொண்டிருக்கும் போனோ ஸ்டேஜுக்கு நேராகவும் சுடவே கூடாது. பல ஆயிரம் வோல்ட் சமாச்சாரம் அது.

கருவி செய்யாதவை இரண்டு. தூசியை எடுக்காது, தூசியின் பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான். எனவே முதலில் சுட்டு, பிறகு கார்பன் ஃபைபர் பிரஷ். பிரஷ் வாங்கும்போது கைப்பிடியைக் கவனியுங்கள்: நார்கள் உலோகத்தில் பதிந்து, அந்த உலோகம் உங்கள் விரலில் படுகிறதா? முழு ப்ளாஸ்டிக் பிடி என்றால் மின்னூட்டம் இறங்க வழியே இல்லை. பிரஷ் ஒரு கையில் இருக்கும்போது மறு கை ஆம்பின் ஜிஎன்டி (எர்த் இணைப்பு) ஸ்க்ரூவில் இருக்கட்டும். அடுத்தது, மறுபடி ஏறுவதை இந்தத் துப்பாக்கி தடுக்காது. சுத்தமான தட்டைப் பழைய காகித ஸ்லீவில் சொருகி உருவினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் 100 டாலரை எடுக்கும் முன் செய்ய வேண்டிய மலிவான வேலைகள் உண்டு. எச்.எம்.வி., இன்ரெக்கோ, எக்கோ என்று பழைய தமிழ்ப் பட ரெக்கார்டுகள் சேர்ப்பவர்களுக்குக் காகித உறையை மாற்றுவதே பாதி வைத்தியம். நாகவோகா 102 போன்ற மெல்லிய பாலித்தீன் ஸ்லீவ் போதும், மூல உறையை அட்டைக்குள்ளேயே தனியாக வைத்துக்கொள்ளலாம். ஃபெல்ட் மேட்டைத் தூக்கிவிட்டு கார்க் அல்லது தோல் மேட் போடுங்கள். தடிமன் மாறினால் டோன்ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை ப்ளாட்டரின் நடுத்தண்டான ஸ்பின்டிலிலும் இன்னொன்றை ஜிஎன்டி முனையத்திலும் வையுங்கள். சில ஓம் காட்டினால் நிம்மதி. திறந்த சர்க்யூட் என்றால், பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளில் ரப்பர் பெல்ட்டும் புல்லியும் சேர்ந்து உரசலில் மின்னூட்டம் சேர்க்கும் சின்ன வான் டி கிராஃப் ஜெனரேட்டராக ப்ளாட்டரை ஏற்றிக்கொண்டிருக்கலாம். பேரிங் உறையிலிருந்து ஜிஎன்டிக்கு ஒரு வயர் இழுத்தால் பெரும்பாலும் சரியாகும். சுவர் எர்த்துக்குத் தனியாக இழுக்காதீர்கள், ஸ்பீக்கரில் ஹம் (இரைச்சல்) வரும்.

டர்ன்டேபிளின் அக்ரிலிக் மூடியை உலர்ந்த துணியால் தேய்த்துத் துடைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மின்னூட்டம் ஏறிய மூடி டோன்ஆர்மை மேலே இழுத்து முள் ரெக்கார்டை அழுத்தும் ட்ராக்கிங் எடையையே குறைத்துவிடும். ஆம்பில் ஒலி அளவைக் காட்டும் வி.யு. மீட்டரின் முள் கண்ணாடிப் பக்கம் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதும் இதே சங்கதி. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து ஒரு தடவை துடைத்தால் இரண்டுமே தீரும். ரெக்கார்டுக்கு இந்தக் குறுக்குவழி ஆகாது; ஆன்டி-ஸ்டேட்டிக் ஸ்ப்ரேயும் அப்படித்தான், பள்ளத்தில் படிந்து ஸ்டைலஸில் திரளும்.

இத்தனைக்குப் பிறகும் துப்பாக்கி யாருக்குத் தேவை? அறையின் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்டேட்டிக் தானாகவே அடங்கும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் வாசிகளுக்கு இது வீண் செலவு. ஏசி அறையில்கூட ஸ்லீவும் மேட்டும் மாற்றினால் போதும். டொரன்டோ, மொன்ட்ரியால் குளிர்காலம் வேறு. வெளியே மைனஸ் 15-இல் இருக்கும் காற்றை உள்ளே 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் அதலபாதாளம். ஹியூமிடிஃபையர் வைத்து 45-க்கு ஏற்றலாமே என்றால், அந்தக் குளிரில் 30, 35 தாண்டும்போதே ஜன்னல் வியர்த்துச் சட்டம் பூஞ்சை பிடிக்கும். அல்ட்ராசோனிக் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் தூள் தட்டின் மேலேயே வந்து படியும். அங்கே, நவம்பர் முதல் மார்ச் வரை, ஜீரோஸ்டாட் தன் விலையைச் சம்பாதித்துவிடும். விசிறி வைத்த பேட்டரிக் கருவிகள் கைக்குச் சுலபம்தான், விலை இதைவிடப் பல மடங்கு. செய்யும் வேலை ஒன்றே.

ஊருக்கு வரும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்பவர்கள், கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் அது துப்பாக்கியாகத்தான் தெரியும்.

பழையது கிடைத்தால் வாங்கலாமா? லாபம்தான், தேயும் பாகங்கள் அதிகமில்லை. விற்பவரிடம் நியான் மூடி தொலைந்திருந்தால், ஒரு ரெக்கார்டைக் கம்பளித் துணியால் தேய்த்து டிஷ்யூ துணுக்குகள் ஒட்டுவதைப் பாருங்கள். துணுக்குகளை உதறிவிட்டு, தட்டைத் தூக்கிப் பிடித்து மூன்று முறை நிதானமாகச் சுடச் சொல்லுங்கள். மறுபடி காட்டும்போது அவை மேசையிலேயே கிடந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.