பையில் போகும் பழைய வானிலைக் கருவிகள்: பாதரசமா, அனிராய்டா?

பழைய வானிலைக் கருவிகள் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பாதரசக் காற்றழுத்தமானியின் அழகில்தான் முதலில் மயங்குவார்கள், நானும் அப்படித்தான். ஆனால் கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால் அது சரிப்படாது. கடல் மட்டத்தில் பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், அதனால் குழாயை அதற்கும் குட்டையாகச் செய்ய வழியில்லை. பயணத்துக்கென்று வந்த ஃபோர்டின் வகையில், அடியிலிருக்கும் தோல் பையைத் திருகால் மேலே தள்ளி, குழாய் முழுக்கப் பாதரசம் ஏறிய பிறகுதான் தூக்குவார்கள். இல்லாவிட்டால் அது உள்ளே மோதிக் கண்ணாடியையே உடைத்துவிடும். போதாததற்குப் பாதரச ஆவி நஞ்சு, விமானத்திலும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

காற்றழுத்தமானியின் இன்னொரு வகையான அனிராய்டில் திரவமே கிடையாது. பிரான்சின் லூசியன் விடி 1844-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது: காற்றை உறிஞ்சி எடுத்த, மடிப்பு மடிப்பான உலோக டப்பி ஒன்று அழுத்தத்துக்கேற்ப அமுங்கி எழும், அந்தத் துளி அசைவை நெம்புகோல்களும் சின்னச் சங்கிலியும் பெருக்கி முள்ளைத் திருப்பும். 1860 வாக்கில் இது சட்டைப்பைக் கடிகார அளவுக்கே சுருங்கிவிட்டது. குறை இல்லாமலில்லை. 1880-ல் எக்குவடோரின் சிம்போராசோ மலை ஏறிய ஆங்கிலேய மலையேற்றக்காரர் எட்வர்ட் விம்பர் இரண்டையும் சுமந்துபோய் ஒப்பிட்டுப் பார்த்தவர், உயரத்தில் அனிராய்டுகள் பாதரசத்தோடு ஒத்துப்போகவில்லை. துல்லியத்தில் பாதரசம்தான் ஜெயிக்கும், சரி, ஆனால் நாம் சேகரிக்கத்தானே போகிறோம், சிம்போராசோவை அளக்கவா?

அனிராய்டு வாங்குமுன் டயலில் இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பல நேரம் அது விற்ற கடையின் பெயர்தான், செய்தவர் வேறு ஆளாக இருப்பார். 'காம்பன்சேட்டட்' என்று பொறித்திருந்தால் வெப்பநிலை மாற்றத்துக்கு ஈடுசெய்திருக்கிறார்கள் என்று பொருள். அப்புறம், அதைப் பையில் போட்டுக்கொண்டு பத்து மாடி ஏறுங்கள். சுமார் 30 மீட்டருக்கு முள், டயலின் பாதரச அங்குல அளவில், ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்க வேண்டும், லேசாகத் தட்டியும் அசையாவிட்டால் உள்ளே டப்பி போயிருக்கலாம், சங்கிலி அறுந்திருக்கலாம், எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

பாதரசத்துக்கும் அனிராய்டுக்கும் நடுவில் சிம்பிசோமீட்டர் என்று ஒன்று உண்டு. எடின்பரோவின் அலெக்சாண்டர் ஏடி 1818-ல் காப்புரிமை பெற்றது, பாதரசத்துக்குப் பதிலாக ஹைட்ரஜனும் வாதுமை எண்ணெயும். குழாய் குட்டையாகிவிட்டது, ஆனால் வாயுவை எண்ணெய் மெல்ல உறிஞ்சிக்கொள்வதால் அளவு நகர்ந்துகொண்டே போகும். பார்க்க அருமை, நம்ப முடியாது.

கிலுகிலுப்பை மாதிரிச் சுழற்றும் ஈரப்பதமானிகளில் வெப்பமானிக் குழாய்களை மாற்றியிருப்பார்கள், அதை மட்டும் கவனித்தால் போதும்.

கையில் காசு குறைவு என்றால் என் ஓட்டு லண்டன் கருவி நிறுவனமான நெக்ரெட்டி அண்ட் ஜாம்ப்ராவின் 1915-ஆம் ஆண்டு வானிலைக் கணிப்பு வட்டுக்குத்தான். அழுத்தம், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது, காற்றின் திசை, பருவம் நான்கையும் வைத்துத் திருப்பினால் ஓர் எழுத்து வரும், அதற்குரிய வாசகம்தான் அன்றைய கணிப்பு. உடைய முள் இல்லை, சிந்தப் பாதரசமும் இல்லை. என்ன, அழுத்தத்தைச் சொல்ல ஓர் அனிராய்டு பக்கத்தில் இருக்க வேண்டும்.